குருதியின் வாயிலைக் காத்தல்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி நகர் பட்டுக்கும் அரிசிக்கும் பெயர் பெற்றது. இவ்வூரின் பல தெருக்களில் பொழுது விடிந்ததுமே தறியோசை கேட்கத் தொடங்கிவிடும். தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவை ஏற்றும்பொழுது, பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழை ஒவ்வொன்றை விரலால் முறுக்கி இணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளை இவ்வாறு இணைக்கும் வேலையை விரைந்து முடிக்க எவரும் முயல்வதில்லை. இணைக்கும் இடத்தில் நேரும் பிழை பின்னர் நெய்யும் துணியில் தெரிந்துவிடும் என்பதை நெசவாளர் நன்கறிவர்.

மனித உடலுக்கும் அத்தகையதோர் இணைப்பிடம் சிலருக்கு அமைந்துவிடுகிறது. சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸ் எனப்படும் குருதித் தூய்மிப்பால் உயிர் வாழ்வோருக்கு, உடலும் இயந்திரமும் இணையும் இடம் அது. அவ்விடத்தில் நேரும் சிறு கவனக்குறைவு, ஒரு குடும்பத்தையே நிலைகுலையச் செய்யும் நோயாக மாறக்கூடும். அதனை வருமுன் காப்பது எவ்வாறு, வந்தபின் தீர்ப்பது எவ்வாறு என்பனவே இவ்வுரையின் பொருள்.

ஒரு குடும்பத்தின் நிலை

ஆரணியில் ஒரு நெசவாளர் குடும்பத்தைக் கற்பனையில் எண்ணிப் பார்க்கலாம். குடும்பத் தலைவருக்கு அகவை 55. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவும் குருதிக் கொதிப்பும் உண்டு. தறிக்குழியில் நெடுநேரம் அமர்வதால் வரும் இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கமும் உண்டு. ஒருநாள் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லப்படுகிறார். சிறுநீரகங்கள் பெரிதும் செயலிழந்தன என்று தெரியவருகிறது. உடனே டயாலிசிஸ் செய்யாவிடில் உயிர் தங்காது என்னும் நிலையில், கழுத்தின் வழியாக ஒரு குழாய் செருகப்படுகிறது.

உயிர் பிழைத்தது என்னும் நிறைவோடு குடும்பம் வீடு திரும்புகிறது. கையில் ஓர் அறுவை செய்துகொண்டால் கழுத்துக் குழாய் தேவைப்படாது என்று மருத்துவர் கூறியிருந்தார். ஆனால், இன்னோர் அறுவையா என்னும் அச்சமும், பொங்கலுக்குப் பின்னர் பார்க்கலாம், மகள் திருமணத்திற்குப் பின்னர் பார்க்கலாம் என்னும் தள்ளிவைப்பும் சேர்ந்து மாதங்கள் கடந்துவிடுகின்றன. ஒருநாள் டயாலிசிஸ் தொடங்கிய அரை மணி நேரத்தில் அவருக்குக் கடுங்குளிர் எடுத்து உடல் நடுங்குகிறது. குளிரூட்டியால் வந்த நடுக்கம் என்று போர்வை போர்த்துகின்றனர். வீட்டிற்கு வந்து காய்ச்சல் மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் படுக்க வைக்கின்றனர்.

இக்குடும்பம் கற்பனையாயினும் இந்நிகழ்வு கற்பனையன்று. டயாலிசிஸ் நடைபெறும் ஊர்கள் எங்கும் காணப்படுவது இது. அந்த நடுக்கத்தின் பொருளை வீட்டில் ஒருவரேனும் அறிந்திருந்தால் அன்றே ஓர் உயிரைக் காக்கலாம்.

மூன்று வாயில்கள்

டயாலிசிஸ் அமர்வு ஒன்று பொதுவாக நான்கு மணி நேரம் நடைபெறும். நிமிடத்திற்கு ஏறத்தாழ 300 மில்லி லிட்டர் குருதி உடலிலிருந்து வெளியேறி, வடிப்பானைக் கடந்து, மீண்டும் உடலுள் செல்லும். நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர் ஆகிறது. உடலில் உள்ள குருதியோ ஏறத்தாழ 5 லிட்டர்தான். ஆகவே உடலின் குருதி முழுவதும் ஒரே அமர்வில் பத்து முறைக்கு மேல் வெளியே சென்று திரும்புகிறது. இவ்வளவு விரைந்த ஓட்டத்தைக் கையில் சாதாரணமாகக் காணும் சிரைகள் தாங்கமாட்டா. எனவே தனியாக ஒரு வாயில் அமைக்க வேண்டியுள்ளது.

அவ்வாயில் மூவகைப்படும். முதலாவது ஃபிஸ்டுலா. முன்கையில் தமனி ஒன்றையும் சிரை ஒன்றையும் அறுவையால் இணைத்துத் தைப்பது இது. தமனியின் அழுத்தத்தால் சிரை பருத்து, சுவர் தடித்து, ஊசி ஏற்கும் வலிமை பெறும். இரண்டாவது கிராஃப்ட். சிரை மெலிந்திருப்போருக்குச் செயற்கைக் குழல் ஒன்றைத் தோலின் கீழ் வைத்துத் தமனியையும் சிரையையும் இணைப்பது இது. மூன்றாவது கதீட்டர். கழுத்தின் பெருஞ்சிரை வழியாகச் செருகப்படும் மென்குழாய் இது. இதன் நுனி இதயத்தின் வலது மேலறை வரை சென்று நிற்கும். மறுமுனை இரண்டு கிளைகளாகத் தோலுக்கு வெளியே தொங்கும்.

கதீட்டரிலும் இருவகை உண்டு. நெருக்கடியில் செருகப்படுவது தற்காலிகக் கதீட்டர். கழுத்தில் வைத்தால் இரண்டு வாரத்திற்குள்ளும், தொடையில் வைத்தால் ஐந்து நாள் அளவிலும் இதனை அகற்றிவிட வேண்டும் என்பது பொது நெறி. மார்புத் தோலின் கீழ் சிறிது தொலைவு சுரங்கம் போலச் சென்று சிரையில் நுழைவது மற்றொரு வகை. அதன் தண்டில் பாலியெஸ்டர் நூலால் ஆன சிறு பட்டை ஒன்று உண்டு. உடலின் திசு அப்பட்டையின் இழைகளுக்குள் வளர்ந்து பற்றிக்கொண்டு, வெளியிலிருந்து கிருமி நுழையாதவாறு ஓரளவு தடுக்கும். ஆயினும் எவ்வகைக் கதீட்டராயினும், ஃபிஸ்டுலாவோடு ஒப்பிட்டால் குருதித் தொற்றுக்கு இடமளிப்பதில் பன்மடங்கு மிகுதியானது. ஃபிஸ்டுலா தோலுக்குள் மறைந்த வாயில். ஊசி எடுத்ததும் தோல் தானே அதனை மூடிக்கொள்ளும். கதீட்டரோ இரவும் பகலும் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாயில்.

பட்டு நூல் தந்த கொடை

ஃபிஸ்டுலாவின் வரலாற்றில் பட்டு நெய்யும் ஊரார் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் பட்டுத் தொழிலுக்குப் புகழ் பெற்ற நகரம் லியோன். 1894இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ அந்நகரில் கத்தியால் குத்தப்பட்டார். வயிற்றினுள் பெருநாளம் அறுபட்டிருந்தது. அறுபட்ட நாளத்தைத் தைத்து இணைக்கும் முறை அக்கால மருத்துவர்களிடம் இல்லாமையால் அவர் இறந்தார். அந்நகரில் மருத்துவம் பயின்ற இளைஞர் அலெக்சிஸ் கேரல் இதனை எண்ணி வருந்தினார். துணியில் நுண்ணிய பூவேலை செய்வதில் வல்லவரான லெருதியே என்னும் அம்மையாரிடம் சென்று, நுண்ணூசியும் பட்டு நூலும் கொண்டு தைக்கும் கலையைக் கற்றார். அக்கலையை நாளங்களைத் தைப்பதற்குப் பயன்படுத்தி, கிழியாமலும் அடைபடாமலும் இணைக்கும் வழியைக் கண்டார். அதற்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

பின்னர் 1943இல் நெதர்லாந்து நாட்டின் கம்பன் நகரில் வில்லம் கோல்ஃப் என்னும் மருத்துவர் நடைமுறைக்கு உகந்த முதல் டயாலிசிஸ் இயந்திரத்தை உருவாக்கினார். ஆயினும் ஒவ்வொரு முறையும் புதிய நாளத்தைத் திறக்க வேண்டியிருந்தமையால் சில அமர்வுகளுக்கு மேல் எவருக்கும் செய்ய இயலவில்லை. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் டெஃப்லான் குழலைக் கையில் நிலையாகப் பொருத்தி அத்தடையை நீக்கினார். அவருடைய முதல் நோயாளியான கிளைடு ஷீல்ட்ஸ் பதினோராண்டுகள் உயிர் வாழ்ந்தார். ஆயினும் தோலுக்கு வெளியே நிற்கும் அக்குழலிலும் அடைப்பும் தொற்றும் அடிக்கடி வந்தன. 1966இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ, அப்பெல் முதலிய மருத்துவர்கள், தோலுக்கு வெளியே எதுவும் இல்லாதவாறு நோயாளியின் தமனியையும் சிரையையுமே இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா முறையை வெளியிட்டனர். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த நிலையிலும் அதனை விஞ்சிய வாயில் அமையவில்லை. ஒரு பட்டு நகரத்தின் தையற்கலையே அதற்கு அடிப்படை.

ஆரணிக்கு அண்மையிலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இந்திய நாட்டின் சிறுநீரக மருத்துவத்தில் முன்னோடியாகும். 1971இல் நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை அங்குதான் நிகழ்ந்தது. அக்காலத்தில் இச்சிகிச்சை மிகச் சிலருக்கே எட்டியது. இன்று தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும், 2016ஆம் ஆண்டு நடுவண் அரசின் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டமும் எளிய குடும்பங்களுக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்துள்ளன. இயந்திரம் கிடைத்துவிட்டது, இனி அதனோடு உடலை இணைக்கும் வாயிலைக் காப்பதே எஞ்சியுள்ள கடமை.

கிருமி நுழையும் வழி

வாரம் மூன்று அமர்வு எனில் ஆண்டுக்கு 156 அமர்வுகள். ஒவ்வோர் அமர்விலும் கதீட்டரின் இரண்டு கிளைகளும் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் திறக்கப்படுகின்றன. ஆண்டுக்கு 624 முறை, இதயத்தின் அறைவரை செல்லும் ஒரு குழாயின் வாய் வெளிக்காற்றுக்குத் திறக்கிறது. இந்த 624இல் ஒரே ஒரு முறை கை கழுவாமல் தொட்டாலும், முகக்கவசமின்றிப் பேசினாலும், தும்மினாலும் போதும்.

தோலிலும் மூக்கினுள்ளும் இயல்பாகவே வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை நுண்ணுயிர்களே பெரும்பாலும் இவ்வாறு நுழைகின்றன. குடலிலும் நீரிலும் வாழும் வேறு வகைகளும் உண்டு. உள்ளே நுழைந்தவை குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற படலம் ஒன்றைத் தம்மைச் சுற்றி அமைத்துக்கொள்கின்றன. குளத்துப் படிக்கட்டில் படியும் வழுக்குப் பாசியை இதற்கு ஒப்பிடலாம். படலத்தின் மேலே ஓடும் குருதியில் மருந்து கலந்திருந்தாலும் அடியில் இருப்பவற்றை அது எளிதில் எட்டுவதில்லை. மருந்து நிறுத்தியபின் காய்ச்சல் மீண்டும் வருவதற்குக் காரணம் இதுவே.

குருதியில் கலந்த கிருமி ஓரிடத்தில் நிற்பதில்லை. இதய வால்வில் தங்கி அதனை அரிக்கலாம். முதுகெலும்பில் தங்கித் தீராத வலியையும் கால் தளர்ச்சியையும் தரலாம். மூட்டுகளில் சீழ் பிடிக்கச் செய்யலாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நோயெதிர்ப்பு ஆற்றல் குறைவு. நீரிழிவும் உடனிருந்தால் மேலும் குறைவு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி குருதியில் பரவும் வாய்ப்பு, மற்றவரைக் காட்டிலும் டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு 100 மடங்கு மிகுதி.

அறிகுறி தோன்றினால்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் உண்டு எனக் காட்டுகிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். இந்நோயில் அந்நால்வகையும் ஒன்று தவறினாலும் மற்றவை பயனற்றுப் போகும்.

நோயாளியும் உடனிருப்பவரும் அறிய வேண்டியவை சிலவே. கதீட்டர் உள்ளவருக்குக் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை குருதித் தொற்று என்றே கருத வேண்டும். டயாலிசிஸ் தொடங்கியதும் வரும் நடுக்கம் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. குழாயினுள் ஒளிந்திருந்த கிருமிகள் குருதியோட்டத்தோடு உடலுள் தள்ளப்படுவதன் அடையாளம் அது. முதியோருக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். திடீர்ச் சோர்வு, மனக்குழப்பம், குருதி அழுத்தம் தாழ்தல் ஆகியவையே அறிகுறியாக அமையலாம். குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் ஆகியவை தோன்றினாலும் அடுத்த அமர்வு வரை காத்திருத்தல் கூடாது.

இந்நிலையில் வீட்டில் எஞ்சியிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுப்பது பெரும் பிழை. மருத்துவர் முதலில் செய்ய வேண்டியது குருதி வளர்ப்புச் சோதனை. கதீட்டரிலிருந்து ஒன்றும் வேறிடத்திலிருந்து ஒன்றுமாக, இரு முறை குருதி எடுத்து, எக்கிருமி வளர்கிறது, எம்மருந்துக்கு அது அடங்கும் என்று கண்டறிவர். மருந்து உட்சென்றபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். எதிரி யாரென்று தெரியாமலே போரிட நேரும்.

சோதனைக்குக் குருதி எடுத்தவுடன், முடிவு வரும்வரை காத்திராமல், இருவகைக் கிருமிகளுக்கும் பொருந்தும் மருந்துகள் ஊசி வழியாகத் தொடங்கப்படும். வான்கோமைசின் போன்ற சில மருந்துகளை டயாலிசிஸ் அமர்வின்போதே செலுத்த இயலும். ஆகவே ஓர் அமர்வைத் தவறவிடுவது ஒருவேளை மருந்தைத் தவறவிடுவதும் ஆகும். கிருமி இன்னதென்று தெரிந்தபின் மருந்து அதற்கேற்ப மாற்றப்படும். காய்ச்சல் மூன்றே நாளில் தணியலாம். ஆயினும் மருந்து நிற்பதில்லை. எளிய தொற்றாயின் இரண்டு முதல் மூன்று வாரம், ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஆயின் குறைந்தது நான்கு வாரம், இதய வால்வைத் தாக்கியிருந்தால் ஆறு வாரம், எலும்பைத் தாக்கியிருந்தால் அதனினும் மிகுதியாகத் தொடரவேண்டியிருக்கும்.

அடுத்து எழுவது குழாயை எடுப்பதா வைப்பதா என்னும் வினா. தற்காலிகக் கதீட்டராயின் எடுத்துவிடுவதே முறை. குருதி அழுத்தம் வீழ்ந்தாலும், தோலடிச் சுரங்கத்தில் சீழ் பிடித்தாலும், மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் கிருமி குருதியில் நீடித்தாலும் உடனே அகற்றவேண்டும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், பூஞ்சை ஆகியவற்றுக்கும் அதுவே நெறி. மற்றத் தொற்றுகளில், அதே வழியில் புதிய குழாய் மாற்றுவதும், அமர்வுகளுக்கு இடையில் குழாயினுள் செறிவான மருந்தை நிரப்பிப் பூட்டி வைப்பதும் உண்டு. இருக்கும் குழாயை எடுத்துவிட்டால் மீண்டும் செலவாகுமே என்று குடும்பத்தார் மறுப்பது இயல்பு. பாசி படிந்த குழாயை வைத்துக்கொண்டு மருந்துக்குச் செலவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

இத்தொற்று விதியால் வருவதன்று. அமெரிக்காவில் 17 டயாலிசிஸ் நிலையங்கள் ஒன்றுகூடி, கை கழுவுதலைக் கண்காணித்தல், குழாய் வாயைத் தேய்த்துத் துடைத்தல், குளோர்ஹெக்சிடின் கரைசலால் தோலைத் தூய்மை செய்தல், ஊழியர்க்கும் நோயாளிக்கும் கற்பித்தல் முதலிய எளிய செயல்களை வழுவாது கடைப்பிடித்தன. வாயில் வழியாக வரும் குருதித் தொற்று அங்கெல்லாம் 54 விழுக்காடு குறைந்தது. புதிய இயந்திரமோ புதிய மருந்தோ இன்றி, ஒழுக்கத்தால் மட்டும் கிட்டிய பயன் இது. சுரங்கக் கதீட்டர் வைத்திருப்போரிடையே 1000 நாளுக்கு 1.5 தொற்றுக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் அமெரிக்கச் சிறுநீரக வழிகாட்டு நெறி வரையறுக்கிறது. எந்த நிலையத்திலும், இங்கு எவ்வளவு என்று பணிவோடு வினவுவது நோயாளியின் உரிமை.

இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் செவிலியரும் நோயாளியும் இருவருமே முகக்கவசம் அணிதல் வேண்டும். நோயாளி முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு பேசாதிருத்தல் நன்று. கதீட்டர் டயாலிசிஸுக்கு மட்டுமே உரியது. வேறு சோதனைக்குக் குருதி எடுக்கவும், குளுக்கோஸ் ஏற்றவும் அதனைத் திறக்க இசையலாகாது.

வீட்டில் கட்டு நனையாமல் காத்தல் முதற்கடமை. தலைக்குக் குளிப்பதும், பண்டிகை நாளில் எண்ணெய் தேய்த்து நீராடுவதும், குளத்திலோ கிணற்றிலோ மூழ்குவதும் கதீட்டர் உள்ளவரை கூடா; ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்ளலாம். மஞ்சள், சந்தனம், எண்ணெய் எதனையும் அவ்விடத்தில் பூசலாகாது. கட்டு நனைந்தாலோ பிரிந்தாலோ வீட்டில் சரிசெய்ய முயலாமல் நிலையத்திற்குச் செல்ல வேண்டும். மூடி கழன்றுவிட்டால், குழாயின் கவ்வி இறுக மூடியுள்ளதா என்று உறுதிசெய்துகொண்டு அக்கணமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஆயினும் தலைசிறந்த தடுப்பு, கதீட்டரே தேவைப்படாமல் செய்வதாகும். ஃபிஸ்டுலா முதிர்ந்து பயன்தர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். சிறுநீரகம் படிப்படியாகத் தளர்கிறது என்று தெரிந்தவுடன், டயாலிசிஸ் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே மருத்துவரிடம் இதனைக் கேட்க வேண்டும். வலக்கைப் பழக்கமுடையோருக்குப் பொதுவாக இடக்கையிலேயே ஃபிஸ்டுலா அமைப்பர். ஆகவே சிறுநீரக நோய் உள்ளவர் அக்கையின் முன்கைச் சிரையில் ஊசி குத்தவோ மருந்து ஏற்றவோ விடலாகாது. வேண்டுமெனில் புறங்கையில் எடுக்குமாறு கூறலாம். ஃபிஸ்டுலா அமைந்தபின் அக்கையில் குருதி அழுத்தம் பார்த்தல், இறுக்கமான வளையல் அணிதல், பளு தூக்குதல், தலைக்கு வைத்துப் படுத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நாள்தோறும் காலையில் விரல் வைத்தால் தேனீயின் ரீங்காரம் போன்றதோர் அதிர்வு தோன்றும். அது நின்றால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். நீரிழிவும் குருதிக் கொதிப்பும் உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் புரதம் கழிகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால், நெருக்கடியில் குழாய் செருகும் நிலையே பலருக்கு நேராது.

கழுத்துக் குழாயும் கை அறுவையும் பொருந்தாதோருக்கு வயிற்றின் வழியாக வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ் முறையும் உண்டு. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், அதற்குரிய கரைசல் பைகள் இல்லத்திற்கே வழங்கப்படுகின்றன. அதிலும் தூய்மை தவறினால் வயிற்றறையில் தொற்று வரும். ஆயின் குருதியின் வாயில் திறப்பதில்லை.

ஓர் ஐயமும் அதற்கு விடையும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பங்களில், கிருமியைக் கொல்லும் மருந்தை ஏற்பது முறையா என்று முதியவர் சிலர் தயங்குவதுண்டு. மருந்தே வேண்டா என்று நோன்பிருக்க விழைவோரும் உண்டு. அவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் கொலையை வரையறுக்கும்போது, சோர்வும் கவனமின்மையும் காரணமாக உயிர்க்குத் தீங்கு நேர்வதையே முதன்மையாகச் சுட்டுகிறது. கை கழுவாமல் குழாயைத் தொடுவதும், நடுக்கம் கண்டும் வாளாவிருப்பதும் அத்தகைய சோர்வேயாகும். நீரை வடிகட்டிப் பருகும் வழக்கம் வருமுன் காக்கும் கவனத்தின் வடிவம். அக்கவனம் கதீட்டரின் வாயில் வரை சென்றால், நோயாளியும் காக்கப்படுவார்; வாரக்கணக்கில் கிருமிகளை அழிக்க வேண்டிய நிலையும் தவிர்க்கப்படும். நோன்பைப் பொறுத்தவரை, டயாலிசிஸ் நோயாளியின் உணவும் நீரும் அளவிடப்பட்டவை. தொற்றுக்கு மருந்து ஏற்கும் காலத்தில் மருத்துவரைக் கலவாமல் அவற்றை மாற்றுதல் தகாது.

ஔடத தானம் செல்ல வேண்டிய இடம்

நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. இன்று அறவோர் பலர் டயாலிசிஸ் அமர்வுகளுக்குப் பொருளுதவி செய்கின்றனர். போற்றத்தக்க பணி அது. ஆயினும் அமர்வுக்குக் கொடுத்த பொருளனைத்தும் ஒரு குருதித் தொற்றால் வீணாகிவிடக்கூடும். ஆகவே கொடுக்கும் கை, அந்நோயாளிக்கு ஃபிஸ்டுலா அமைந்துவிட்டதா என்றும் ஒருமுறை வினவட்டும். காப்பீட்டு அட்டையில் அவ்வறுவைக்கு இடமுண்டா என்று கேட்டறிந்து சொல்லவும், வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ துணையாகச் சென்று திரும்பவும், அறுவை ஆறும்வரை தறி நிற்கும் வீட்டின் அடுப்பு எரியவும் உதவட்டும். பெருந்தொகை தேவைப்படாத இவ்வுதவி, பெரும்பயன் தரும்.

தொடக்கத்தில் கண்ட அந்நெசவாளரின் வீட்டிற்கு மீண்டும் செல்லலாம். டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் நடுக்கம் வருகிறது. இம்முறை மனைவி போர்வையைத் தேடவில்லை; செவிலியரை அழைக்கிறார். குருதி சோதனைக்கு எடுக்கப்படுகிறது, மருந்து தொடங்குகிறது, சில நாளில் பழைய குழாய் அகற்றப்படுகிறது. தொற்று முற்றும் தீர்ந்தபின், மகள் திருமணத்திற்கு நாள் குறிப்பதற்கு முன்பே, கையில் ஃபிஸ்டுலாவுக்கு நாள் குறிக்கப்படுகிறது. மூன்று மாதம் கழித்துக் கழுத்தில் குழாய் இல்லை. மணவறையில் மகளின் கையைப் பற்றித் தரும் தந்தையின் இடக்கையில் மெல்லிய அதிர்வு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அவ்வதிர்வு ஒவ்வோர் இல்லத்திலும் நிலைக்க, அறிந்தோர் அறியாதோர்க்கு இதனை எடுத்துரைப்பாராக. அறம் வளர்க. நோயின்றி அனைவரும் வாழ்க.